இரண்டு பூட்டுப் போட்ட கதவு

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் பெற்றது நாலு பிள்ளை, வளர்த்தது ஆறு. செத்துப்போன என் நாத்தனாரின் இரண்டு பெண்களையும் சேர்த்துத்தான் ஆறு. அத்தனை பேருக்கும் சோறு போட்டது என் மீன் கூடை. கோட்டைப்பட்டினத்துக் கரையில் மீன் எடுத்து, பஸ் ஏறி, அறந்தாங்கித் தெருக்களில் விற்றுத்தான் எல்லோரையும் ஆளாக்கினேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் ஏமாந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. எங்கள் மீன் விற்கும் பெண்கள் சங்கம் ஒரு மலர் போடுகிறது. குளிர் அறை வந்த கதையை மூத்தவள் என்ற முறையில் நான் சொல்ல வேண்டுமாம். நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். அறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதைப் பார்த்துக்கொண்ட ஏசி பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவர் பேருக்கு நான் செய்த கெடுதலைச் சொல்லாமல் முடியாது.

அந்தக் கதவுதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. வெள்ளைக் கதவு, ஒரு சாண் தடிமன். ஓரமெல்லாம் கறுப்பு ரப்பர். சாத்தும்போது டப்பென்று சத்தம் வராது, ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி பொத்தென்று ஒரு சத்தம். மேலே கூரையில் சோலார் தகடுகள். ஒரு திட்டத்தில் அரசாங்கம் சங்கத்துக்குக் கொடுத்தது. அதுவரைக்கும் எங்கள் பிழைப்பு ஐஸோடுதான். விடியலில் மீனை எடுத்தால் மத்தியானத்துக்குள் விற்றாக வேண்டும். விற்காத மீனை ஏலக்காரர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். மீன் கெடப்போகிறது என்பது நம் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். இந்த அறை இருந்தால் இன்றைக்கு விற்காததை நாளைக்கு விற்கலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருப்பது எதுவாக இருந்தாலும் நான் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

அறையைப் பார்த்துக்கொள்ளச் சங்கம் வைத்த ஆள்தான் ஏசி பாய். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. குவைத்தில் பேரீச்சம்பழக் கிடங்கில் குளிர் மெஷின் பார்த்துக்கொண்டு பல வருஷம் இருந்தவர். அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். இந்த வேலை போனால் அவர் திரும்ப விமானம் ஏறத்தான் வேண்டும், அந்தம்மா சுவரைத் தடவிக்கொண்டு தனியாகக் கிடக்க வேண்டும். இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு இன்னொன்றும் தெரியும். ஏலக்காரர் அவருக்குச் சகலை. இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள், பாய் கட்டியவள் எப்போதோ செத்துப்போனாள். போதாதா? எங்கள் மீனைக் கெடவிடாமல் காப்பாற்றினால் நஷ்டம் யாருக்கு? ஏலக்காரருக்கு. சாவி யார் கையில்? அவர் சகலை கையில். இதை நான் ஒருத்தியிடம் சொன்னேன். அவள் ஊரெல்லாம் சொன்னாள்.

முதல் நாளே அவரிடம் கேட்டேன். "ஏன் பாய், வெயிலைக் கொண்டாந்து உள்ள விட்டுக் குளிர வைப்பீங்களா? அடுப்புல ஐஸ் செய்ற கதையால்ல இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலவும் சொல்லவில்லை. "வெயிலு வேலைக்காரன்க்கா. உள்ள இருக்குற சூட்டை அள்ளி வெளிய கொட்டுறதுக்கு அவனைப் பிடிச்சுப் போட்டிருக்கு. அவ்வளவுதான்."

"அள்ளிக் கொட்டுற சூடு எங்கிட்டுப் போகுது?"

"பின்னால வந்து நில்லுங்க, தெரியும்."

அறைக்குப் பின்பக்கம் ஒரு பெரிய விசிறி. போய் நின்றேன். நெல் அவிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. உள்ளே மீன் விறைத்துக் கிடக்கிறது, வெளியே எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. "குளிருன்னு தனியா ஒன்னும் இல்லக்கா. சூட்டை எடுத்துட்டா மிச்சம் இருக்குறதுதான் குளிரு. எடுத்த சூடு அழிஞ்சும் போகாது. இங்கிட்டு இல்லைன்னா அங்கிட்டு இருக்கும்" என்றார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சொமக்குறவனுக்கும் வேர்க்குமில்ல? அந்த வேர்வையும் சேந்துதான் இதுல வருது. உள்ள எடுத்ததைவிட வெளிய வாரது எப்பவும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்" என்றார். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஆள் அம்மாவுக்காக மட்டும்தானா இந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்தான் கூடியது.

எங்களில் நிறையப் பேருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் பெட்டிக்குப் பெட்டி ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தார்கள். ஒருத்திக்குப் பூ, ஒருத்திக்கு நட்சத்திரம், எனக்கு நண்டு. என் மாமியாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. முதல் வியாபாரம் ஆகும்வரை கூடையில் அந்நியக் கை படக்கூடாது. அந்தப் பழக்கம் எனக்கும் ஊறிப்போயிருந்தது. மீனைப் பெட்டியில் அடுக்கி உள்ளே வைப்பேன். வைக்கும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு மீனின் வாலில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. எந்த மீன், எத்தனாவது அடுக்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது. பள்ளிவாசலில் மத்தியானப் பாங்கு சொன்னதும் போவேன். பெட்டியை வாசலுக்கு இழுத்து, அடுக்கைக் கலைத்து, வால் வெட்டைப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளுவேன். அடுத்த பாங்குக்கும் போவேன். நடுவில் கடைக்குப் போகிற சாக்கில் ஒரு தடவை. மீனை மாற்றிவிட்டால்? பெரிய சங்கராவை எடுத்துவிட்டுச் சின்னதை வைத்துவிட்டால்? ஒரு நாளும் மாறியதில்லை. மாறவில்லை என்பதால் சந்தேகம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. நான் அடிக்கடி போய்ப் பார்ப்பதால்தான் மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பாய் கேட்டுவிட்டார். "என்னக்கா, இப்பத்தானே பாத்துட்டுப் போனீங்க?"

"என் மீனு, நான் பாக்குறேன். ஒங்களுக்கு என்ன வலிக்குது?"

"எனக்கு வலிக்கலைக்கா. மெஷினுக்கு வலிக்குது."

"மெஷினுக்காகப் பேசுறதுக்கு வேற யாராச்சும் சொல்லி அனுப்புனாங்களா?" என்றேன். ஏலக்காரரைத்தான் குத்தினேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கதவைச் சாத்தினார். பொத்தென்று அந்தச் சத்தம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஐஸைப் பற்றித் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பஸ்ஸில் போகும்போது என் ஐஸ் பெட்டியை அறந்தாங்கி வரைக்கும் திறக்கவே மாட்டேன். மேலே ஈரச் சாக்கைப் போட்டு, அதன் மேல் நானே உட்கார்ந்துகொள்வேன். பக்கத்து சீட்டுக்காரர் வாங்குகிறேன் என்று கேட்டால்கூட, "எறங்கி வாங்க, தாரேன்" என்பேன். திறந்தால் ஐஸ் போகும், ஐஸ் போனால் மீன் போகும். இத்தனையும் தெரிந்தவள்தான் நான். என் கையில் இருந்த பெட்டியைத் திறக்கவில்லை, அவர் கையில் இருந்த அறையைத் திறந்துகொண்டே இருந்தேன்.

அவர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஒரு நாள், அவர் தொழுகைக்குப் போன நேரத்தில், பின்பக்கம் போனேன். விசிறிச் சூட்டுக்குப் பயந்து அங்கே யாரும் போக மாட்டார்கள். சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. அதில் எங்கள் பெட்டிப் படங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் நேராகச் சாக்பீஸால் கோடுகள். பூவுக்கு நாலைந்து. நட்சத்திரத்துக்கு அதைவிடக் குறைவு. நண்டுக்கு நேராகக் கோடு கோடாகப் போய், இடம் பற்றாமல் கீழே இறங்கி, இரண்டாவது வரிசையும் நிரம்பியிருந்தது. என் மீனைத்தான் எண்ணி வைத்திருக்கிறார், சகலைக்குக் கணக்குக் கொடுக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். அன்றைக்கே சங்கத் தலைவியிடம் போய்ச் சொன்னேன். "பலகை போட்டு எழுதி வச்சிருக்காரு, நானே பாத்தேன்." பார்த்தேன் என்பது உண்மைதான். அது என்னவென்று நான் கேட்கவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் நாள். கரையெல்லாம் மீன். அறை நிரம்ப வைத்தோம். எல்லோர் மீனும் உள்ளே இருந்தால் எல்லோருக்கும் பயம். அன்றைக்கு நான் மட்டுமில்லை, இன்னும் சிலரும் போய்ப் போய்ப் பார்த்தார்கள். நான் போனது எத்தனை தடவை என்று எனக்கே நினைவில்லை. மறுநாள் விடியலில் கதவைத் திறந்ததும் வாசம் அடித்துவிட்டது. அழுகல் இல்லை, அதற்கு முந்தின வாசம். செவுளைத் தூக்கினால் சிவப்பு செத்து மண்ணாங்கட்டி நிறம். கண் உள்ளே போயிருந்தது. வயிற்றில் விரலை வைத்தால் விரல் பதிந்தது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எல்லாவற்றையும் கடற்கரைக்குச் சுமந்துபோய், கீறி, உப்புப் போட்டு, கருவாட்டுக்குக் காயவைத்தோம்.

அன்று சாயங்காலமே வலைக் கொட்டகையில் கூட்டம். பாயை நடுவில் நிற்க வைத்தார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். "சகலைக்காக மெஷினை அமத்திட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "எண்ணி எண்ணி எழுதி வச்சீங்களாமே, எடுத்தாங்க அதை" என்றாள் இன்னொருத்தி. அவரை அன்றைக்கே அனுப்பிவிடுவது என்று பாதிப் பேர் முடிவோடுதான் வந்திருந்தார்கள். அந்தப் பேச்செல்லாம் என் வாயிலிருந்து கிளம்பியது. கேட்கும்போது வேறு யாரோ புதிதாகக் கண்டுபிடித்தது போல இருந்தது.

பாய் போய்ப் பலகையைக் கொண்டுவந்தார். கொண்டுவந்து வைத்தபோது பார்த்தேன். படங்கள் இருந்த பக்கம் ஈரமாக இருந்தது. பூவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, நண்டும் இல்லை. துணியால் துடைத்துவிட்டிருக்கிறார். கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

"இது மீன் கணக்கு இல்ல. கதவு தொறந்த கணக்கு" என்றார். "ஒரு தடவை தொறந்தா ஒரு கோடு. தொறக்கும்போது உள்ள வார சூட்டை மெஷின் மறுபடி தூக்கி வெளிய போடணும். தூக்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஆளு தொறந்தா அது என்ன செய்யும்? பகல்ல வெயிலு சேத்துக் குடுக்குற குளிரை வச்சுத்தான் ராவு ஓடணும். பகல்லயே எல்லாத்தையும் செலவழிச்சாச்சு."

"அந்த நீள வரிசை யாரோடது?" என்று தலைவி கேட்டார்.

"அது எதுக்குங்க? யாரு தொறந்தாலும் சூடு ஒரே மாதிரிதான் வரும். கதவை எப்படி வைக்கிறதுன்னு பேசுங்க. அதுக்கப்புறம் நான் இருக்கணுமா போகணுமான்னு சொல்லுங்க."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஒரு தடவை திரும்பியிருந்தால் நான் எழுந்து சண்டைக்குப் போயிருப்பேன், சண்டையில் உண்மை வெளியே வந்திருக்கும். அவர் திரும்பவில்லை. அந்தக் கூட்டத்தில் நண்டு எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதைத் துடைத்துவிட்டார். இன்னொருத்தியான நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன். என் மேல் எல்லோருக்கும் மரியாதை உண்டு, பேச்சு அடங்கியது. "ரெண்டு பூட்டுப் போடுவோம்" என்றேன். "ஒரு சாவி பாய்கிட்ட. இன்னொரு சாவி நம்மகிட்ட, நாளுக்கு ஒருத்தி கையில. ரெண்டு பேரும் வந்தாத்தான் தொறக்கும். மீன் வைக்கையில ஒரு தடவை, பஸ்ஸுக்கு எடுக்கையில ஒரு தடவை. நடுவுல யாரும் தொறக்க முடியாது. அவரும் முடியாது, நம்மளும் முடியாது. பாய் இருக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். என்ன மூளை என்றார்கள். பாய்க்கு வேலை தங்கியது, அந்தம்மாவுக்குப் பிள்ளை தங்கினார். மறுநாளிலிருந்து அறை நன்றாகக் குளிர்ந்தது. மூன்றாம் நாள் எடுத்த மீன்கூட அப்போது பிடித்தது போல் விறைப்பாக இருந்தது. யாரையும் நம்பாத எனக்கும் அது வசதிதான், போய்ப் பார்க்கவே வழி இல்லை. என்னைப் போன்ற சந்தேகக்காரிகளுக்கென்றே செய்த ஏற்பாடு அது. நான் நல்லதுதான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. இரண்டு பூட்டு எதற்கு? முன்னால் திருடியிருப்பார், அதனால்தான் பூட்டு என்றார்கள். "பூட்டுப் போட்ட பெறகு மீன் கெடலை பாத்தியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கெடாததே அவர் திருடியதற்குச் சாட்சி ஆகிவிட்டது. அவர் காதுக்கும் போயிருக்கும். நாள் தவறாமல் வந்து தன் பூட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்பார், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு. முன்பு பெட்டி தூக்க உதவுவார், அதன் பிறகு எந்தப் பெட்டியையும் தொட்டதில்லை. நான் சாவி கொண்டுபோகிற நாளில், "வாங்கக்கா" என்பார், அவ்வளவுதான். அப்போதெல்லாம் அந்தப் பின்பக்க விசிறி ஞாபகம் வரும். என் பேரைக் குளுமையாக உள்ளே வைத்துக்கொண்டேன். அதிலிருந்து அள்ளிய சூடு முழுக்க அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வேலையை விட்டு வீட்டில் உட்காரும் நாள் வரைக்கும் அடித்தது.

இதையெல்லாம் சொல்லாமலே செத்துப்போயிருப்பேன். போன மாதம் சங்கத்தில் ஒரு கூட்டம். பெரிய குளிர் அறை ஒன்று கட்டலாம் என்று ஒரு கம்பெனிக்காரர் படத்தோடு வந்திருந்தார். இப்போது மீன் விற்பவர்கள் எல்லாம் படித்த பிள்ளைகள். அவர்கள் விலையைக் கேட்கும் முன்னால் கேட்டார்கள். "ஒரு நாளைக்குக் கதவு எத்தனை தடவை தொறக்குற மாதிரி கட்டுவீங்க? பின்னால வெளிய வார சூடு எங்கிட்டு அடிக்கும்?" படத்தைத் திருப்பிப் பார்த்தால் விசிறி நேராகப் பால்வாடி ஜன்னலுக்கு. "எங்களுக்குக் குளிரு, புள்ளைங்களுக்குச் சூடா? மாத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கேள்வியெல்லாம் பாய் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வந்த கேள்வி. அவர் வாயிலிருந்து ஊருக்குள் இறங்கி, யார் சொன்னது என்று தெரியாமலே நிலைத்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரம் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் என்னிடம் கேட்டாள். "அப்பத்தா, புது ரூமுக்கும் ரெண்டு பூட்டுத்தானே? ஏசி பாய் காலத்துல மீன் திருட்டுப் போச்சுன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?"

அவள் அந்தக் கூட்டம் நடந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டாள். திருட்டு என்கிற பேச்சு அவள் வரைக்கும் வந்திருக்கிறது. நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு "ம்" எத்தனை நாளாகத் தூங்கவிடவில்லை என்று என் மருமகளுக்குத் தெரியும்.

அதனால் மலரில் இப்படிப் போடச் சொல்கிறேன். மீன் திருட்டுப் போகவில்லை. ஒரு நாளும் போகவில்லை. வாலில் வெட்டு வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன், ஒரு மீன்கூட மாறவில்லை. மீன் கெட்டது கதவைத் திறந்ததால். அதிகம் திறந்தவள் நான். பலகையில் நீளமாகப் போன கோட்டு வரிசை என்னுடையது. இரண்டு பூட்டுப் போடச் சொன்னது அவரைப் பூட்ட இல்லை. என்னைத்தான் பூட்ட வேண்டியிருந்தது, அதை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாய் இப்போதும் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். மூட்டு வலி, அதிகம் வெளியே வருவதில்லை. மலர் அச்சாகி வரட்டும், அவராகப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருக்க எனக்கு இஷ்டம் இல்லை. அச்சுக்குப் போகும் முன்னால் அவர் வீட்டு வாசலில் வைத்து, அவர் காது கேட்க, தெருவும் கேட்க வாசிக்க வேண்டும்.

பேத்தி முகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. அப்பத்தாளைக் காப்பாற்றுகிறேன் என்று எங்கேயாவது பூசி மெழுகியிருப்பாள். எழுதும்போது இரண்டு இடத்தில் பேனா நின்றதை நான் பார்த்தேன். ஏத்தா, "அதிகம் தொறந்தவ நான்"னு சொன்னேன்ல, அதை அப்படியே எழுதுனியா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு மாத்திக்கீத்தி வைக்காத. செருப்பைப் போடுறதுக்கு முந்தி மொதல்லேருந்து ஒரு தடவை வாசி, கேப்போம். சத்தமா வாசி.